பாடம் செய்த விலங்கும் வேட்டைக் காட்சியும்: ஓர் அறநோக்கு

முன்னுரை

தோலைக் கெடாமல் பக்குவப்படுத்துவதற்குத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று பெயர். இறந்த விலங்கின் தோலை உரித்து, பதப்படுத்தி, உடல் வடிவில் செய்த உருவின்மேல் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்தும் கலைக்கும் இதே சொல்லே வழங்குகிறது. ஆங்கில வழக்கில் டாக்சிடெர்மி எனப்படுவது இதுதான். அருங்காட்சியகத்தில் இத்தகைய விலங்கைப் பார்க்காத மாணவர் குறைவு.

இக்கலையில் ஒரு தனி வகை உண்டு. விலங்கைத் தனியே நிறுத்தாமல் ஒரு நிகழ்ச்சிக்குள் நிறுத்துவது அது. புலி பாய்கிறது, இரண்டு குரங்குகள் சண்டையிடுகின்றன, பொறியில் சிக்கிய நரி பல்லைக் காட்டுகிறது, காயத்திலிருந்து இரத்தம் வழிகிறது. இக்காட்சிகள் எவ்வளவு தத்ரூபமாக இருக்கின்றனவோ அவ்வளவு பாராட்டுப் பெறுகின்றன. அந்தத் தத்ரூபம் உண்மையா, ஒரு விலங்கின் சாவை அதன் தோலைக் கொண்டே மறுபடி நடித்துக் காட்டுவது சரியா என்னும் கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோலின் ஊரிலிருந்து ஒரு பார்வை

இக்கேள்வியை ஜோலார்பேட்டையிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தச் சந்திப்பைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஒரு பக்கம் ஏலகிரி மலை, இன்னொரு பக்கம் சவ்வாது மலை. தோலையும் காட்டையும் ஒருசேர அறிந்த வட்டாரம் இது.

தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு உப்பிட்ட தோல் வந்ததும் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பில் இட்டு முடியை நீக்குவார்கள், சதையைச் சுரண்டுவார்கள். அதன்பின்தான் ஆவாரம்பட்டையோ குரோமியமோ வேலை செய்யத் தொடங்கும். முடி போனவுடன் விலங்கின் அடையாளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆம்பூரில் தைத்த செருப்பு, தன்னை ஆடு என்றோ மாடு என்றோ சொல்லிக்கொள்வதில்லை.

பாடம் செய்பவரின் வேலை இதற்கு நேர்மாறானது. ஒரு முடிகூட உதிரக் கூடாது. மீசை, இமை, காதோர மயிர் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பழங்காலப் பாடங்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தோலின் உட்புறத்தில் பூசியதும் இதற்காகவே. செருப்பு ‘நான் ஒரு பொருள்’ என்கிறது. பாடம் செய்த புலியோ ‘நான் புலி’ என்கிறது. இந்தக் கூற்றுதான் அறக்கேள்வியின் தொடக்கம்.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தோலைத் தரம் பிரிப்பவர் முதலில் தேடுவது குறைகளை. முள் கீறியது, உண்ணி கடித்தது, சூட்டுக்கோல் பட்டது, உரிக்கும்போது கத்தி ஆழமாக இறங்கியது என ஒவ்வொரு தழும்பும் விலையைக் குறைக்கும். விலைக்காகத்தான் பார்க்கிறார் என்றாலும் அவர் அந்த விலங்கின் வாழ்க்கை வரலாற்றையே படித்துவிடுகிறார். வேட்டைப் பாடத்தில் குண்டு துளைத்த இடம் தைத்து மறைக்கப்படுகிறது. தொழிற்சாலை மேசையில் வெளிப்படையாகத் தெரியும் உண்மை, மாளிகைச் சுவரில் காணாமற்போகிறது.

உறுமும் தலைகள்: மைசூர் வான் இங்கன்

தென்னிந்தியாவில் இக்கலையைப் பற்றிப் பேசுவோர் மைசூரின் வான் இங்கன் நிறுவனத்தைத் தவிர்க்க முடியாது. 1900ஆம் ஆண்டு வாக்கில் யூஜீன் வான் இங்கன் தொடங்கிய இத்தொழிலை அவருடைய மகன்கள் வளர்த்தார்கள். அரச குடும்பத்தினரும் ஆங்கிலேய அதிகாரிகளும் சுட்ட விலங்குகள் இங்கே வந்து குவிந்தன. நிறுவனம் தன் வாழ்நாளில் பாடம் செய்த புலிகளும் சிறுத்தைகளும் 43,000க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேலை சுருங்கியது. 1999இல் நிறுவனம் மூடப்பட்டது.

அவர்களுடைய கைத்திறனில் ஐயமில்லை. களிமண்ணில் உருவம் செய்து, அச்செடுத்து, காகிதக்கூழால் உடல் வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். நூற்றாண்டைக் கடந்த பிறகும் சிதையாத உருப்படிகள் உள்ளன. அந்தத் திறமை எதைச் சொல்லப் பயன்பட்டது என்பதே இங்கு விமர்சனத்துக்குரியது.

இந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வாய் பிளந்து, பல் தெரிய, நாக்கு மடித்து உறுமும் புலித்தலை. சுட்டவர்கள் விரும்பிக் கேட்ட வடிவம் அது. ஆனால் அக்காலப் புலி வேட்டை எப்படி நடந்தது? ஓர் எருமைக்கன்றைக் கட்டிப்போட்டு, மரத்தின்மேல் பரண் அமைத்துக் காத்திருப்பார்கள். அல்லது நூற்றுக்கணக்கான ஊரார் தாரை தப்பட்டை அடித்துப் புலியைக் கலைத்து, துப்பாக்கி காத்திருக்கும் பக்கம் ஓட்டுவார்கள். இரை தின்ன வந்த புலியும் அஞ்சி ஓடிய புலியுமே பெரும்பாலும் சுடப்பட்டன. சுவரில் ஏறியபோது அவை எல்லாம் தாக்க வந்த புலிகளாகிவிட்டன.

இது கலைஞரின் கற்பனைச் சுதந்திரம் என்று விட்டுவிடக்கூடிய விஷயமன்று. புலியின் முகத்தை மாற்றுவதன் மூலம் சுட்டவரின் செயல் மாற்றப்படுகிறது. கொலை, தற்காப்பாகத் தோன்றத் தொடங்குகிறது. இறந்த விலங்கைக் கொண்டே அதற்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லவைப்பது இது.

நம் வட்டாரத்தில் அண்மையில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடலாம். 2024 ஜூன் மாதம் திருப்பத்தூர் நகருக்குள் ஒரு சிறுத்தை வந்துவிட்டது. பள்ளிப் பகுதியில் நுழைந்தது, ஒருவரைக் காயப்படுத்தியது, பிறகு கார்கள் நிறுத்தும் கொட்டகையில் பதுங்கியது. பல மணி நேரம் கழித்து வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். ஆபத்து உண்மை. எனினும் அந்த நாளின் பெரும்பகுதியில் அந்தச் சிறுத்தை செய்தது ஒளிந்துகொண்டதுதான். ஒளிந்திருக்கும் சிறுத்தையை யாரும் பாடம் செய்யச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனைமலைக்கு வந்த கலைஞர்

வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்கர் 1877இல் தமிழகத்துக்கு வந்தார். ஒரு வணிக நிறுவனத்துக்காக விலங்கு மாதிரிகளைத் திரட்டுவது அவர் வேலை. ஆனைமலைக் காடுகளில் யானை, காட்டெருமை, புலி ஆகியவற்றை வேட்டையாடினார். காட்டை அறிந்த உள்ளூர்ப் பழங்குடியினரின் துணை இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. பின்னர் இலங்கை, மலாயா, போர்னியோ சென்று ஒராங்குட்டான்களைச் சுட்டார். இப்பயணத்தை 1885இல் நூலாகவும் எழுதினார்.

ஊர் திரும்பியதும் 1879இல் அவர் அமைத்த காட்சி, மரக்கிளைகளுக்கிடையே இரண்டு ஆண் ஒராங்குட்டான்கள் மூர்க்கமாகச் சண்டையிடுவதைக் காட்டியது. அறிவியலாளர் கூட்டத்தில் அது பரபரப்பை உண்டாக்கியது. விலங்கை வெறும் பலகையில் நிறுத்தாமல் அதன் சூழலோடு காட்டலாம் என்ற எண்ணம் அருங்காட்சியகங்களில் பரவ அது உதவியது. அந்த வகையில் கலை வரலாற்றில் அதற்கு இடமுண்டு. ஆயினும் அந்த ஒராங்குட்டான்கள் ஒன்றையொன்று கொல்லவில்லை. கொன்றவர் காட்சியில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குரங்கின் மூர்க்கம் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

அதே ஹார்னடே 1886இல் அமெரிக்கக் காட்டெருதுகள் அழிவின் விளிம்பில் இருப்பதை அறிந்து, அருங்காட்சியகத்துக்காக அவற்றில் சிலவற்றைச் சுடப் போனார். 1888இல் வாஷிங்டனில் வைக்கப்பட்ட அந்தக் காட்சியில் சண்டை இல்லை. ஒரு சிறு கூட்டம் நீர்நிலையருகே நிற்கிறது. அதன்பின் அவர் விலங்குப் பாதுகாப்புக்காக வாதாடுபவராக மாறினார். காட்டெருது இனம் பிழைத்ததில் அவருக்குப் பங்குண்டு. அவரைப் புனிதராக்கவும் முடியாது. நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையை அவர் நடத்தியபோதுதான் 1906இல் ஓட்டா பெங்கா என்னும் காங்கோ இளைஞர் குரங்குக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டார்.

இந்த ஒரு மனிதரின் வரலாற்றில் மாணவர்கள் கற்க வேண்டிய செய்தி இரண்டு. இரத்தம் இல்லாத காட்சி தானாக நேர்மையாகிவிடாது. நீர்நிலையருகே அமைதியாக நிற்கும் எருதும் சுடப்பட்ட எருதுதான். அடுத்தது, பிறவுயிரைக் காட்சிப்பொருளாக்கிப் பழகிய கண் மனிதரையும் அப்படியே பார்க்கத் தயங்குவதில்லை.

சிங்கமும் ஒட்டகமும்: தத்ரூபத்தின் எல்லை

இரண்டாவது செய்திக்கு இன்னும் கொடிய சான்று ஐரோப்பாவில் உள்ளது. பாரிசில் இத்தொழிலை நடத்திய வெர்ரோ குடும்பத்தினர் 1867 உலகக் கண்காட்சிக்காக ஒரு பெருங்காட்சியை அமைத்தார்கள். ஒட்டகத்தில் செல்லும் அரபுத் தூதரைச் சிங்கம் பாய்ந்து தாக்குகிறது. கீழே பெண் சிங்கம் செத்துக் கிடக்கிறது. தூதரின் கையில் குறுவாள். இது பின்னாளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி அருங்காட்சியகத்துக்குப் போய், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குழந்தைகளைக் கவர்ந்தது.

சீரமைப்பு வேலையின்போது எடுத்த ஊடுகதிர்ப் படங்கள், தூதரின் பொம்மைத் தலைக்குள் இருப்பது உண்மையான மனித மண்டையோடு என்பதைக் காட்டின. 2017இல் இச்செய்தி வெளியானது. அது யாருடைய தலை என்பதற்குப் பதிவில்லை. தூதரின் உடையும் எந்த ஒரு மக்களுடையதும் அன்று, பல இடத்து உடைகளின் கலவை. 2020இல் அருங்காட்சியகம் இக்காட்சியைப் பார்வையிலிருந்து மறைத்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜூல் வெர்ரோ, 1830 வாக்கில் தென்னாப்பிரிக்கப் பகுதியில் புதைக்கப்பட்ட ஒருவரின் உடலைத் தோண்டியெடுத்துப் பாடம் செய்தவர். அந்த உடல் ஸ்பெயினின் பன்யோலஸ் நகர அருங்காட்சியகத்தில் 1997 வரை நின்றது. 2000ஆம் ஆண்டில் எஞ்சிய எலும்புகள் போட்ஸ்வானாவில் அடக்கம் செய்யப்பட்டன.

தத்ரூபம் ஒரு பசி. புலியின் உண்மைத்தோல், உண்மைப்பல் என்று தொடங்கி, உண்மை மண்டையோடு வரை அது கேட்கும். ‘உண்மையானது’ என்னும் சொல்லைக் கேட்டதும் ‘யாரிடமிருந்து எடுத்தது’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

துப்பாக்கிக்குப் பெருமை, கண்ணிக்குத் தண்டனை

அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் வேட்டைப் பாடங்கள் நிறைய உண்டு. கண்ணியில் சிக்கிய விலங்கின் பாடம் அங்கே இடம்பெறுவது அரிது. இதற்கு இரக்கம் காரணமன்று. துப்பாக்கி ஆண்டவரின் கருவி. வலையும் கண்ணியும் பொறியும் எளியவரின் கருவிகள். ஒன்றை வீரம் என்றும் மற்றதைக் களவு என்றும் பெயரிட்டார்கள்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. கொல்லுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை காட்டிக் கவர்தல் எல்லாவற்றையும் ‘வேட்டை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. பாடம் செய்யப்பட்ட உடலும் அதன் பகுதிகளும் ‘வேட்டைச் சின்னம்’ என்பதற்குள் வந்தன. ஆனால் நடைமுறையில் சுமை சமமாக விழவில்லை. சட்டத்துக்கு முன்பே புலித்தோல் வைத்திருந்தவர் அதனை முறைப்படி அறிவித்து, உரிமைச் சான்று பெற்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழியிருந்தது. விற்கத்தான் தடை. கவுதாரியும் முயலும் பிடித்துப் பிழைத்த நரிக்குறவர், குருவிக்காரர் மக்களுக்கோ வாழ்வின் அடிப்படையே போயிற்று. ஊசிமணி, பாசிமணி விற்பனை எஞ்சியது. நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தின் வழியேதான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

எனவே ‘பொறிக்காட்சி கொடூரமானது, வேட்டைக்காட்சி கம்பீரமானது’ என்று நாம் உணர்ந்தால், அந்த உணர்வு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விலங்குக்கு இரண்டும் சாவுதான். கண்ணியை வைத்தவர் காட்சியில் இல்லாமல் போவது எவ்வளவு குறையோ, பரணில் இருந்தவர் இல்லாமல் போவதும் அவ்வளவே குறை.

நடுகல் காட்டும் வேறு வழி

மனிதனும் விலங்கும் மோதிய சாவைக் காட்சியாக்குவது நமக்குப் புதிதன்று. திருவண்ணாமலை, திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் நடுகற்கள் மிகுந்தவை. செங்கம் வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த கற்களைப் புலிகுத்திக்கல் என்பர். பாயும் புலியும் வேல் ஏந்திய வீரனும் ஒரே கல்லில் நிற்பார்கள்.

பாடம் செய்த புலியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நடுகல்லில் மனிதன் மறைந்துகொள்வதில்லை. அவன் தன் உயிரைப் பணயம் வைத்தவன். கல் எழுந்ததே அவன் இறந்ததால்தான். புலியின் உடல் அங்கே பயன்படுத்தப்படவில்லை. சிற்பி கல்லைத்தான் செதுக்கினான். வேட்டைப் பாடத்தில் உயிரோடிருப்பவர் இறந்த விலங்கால் பெருமை பெறுகிறார். நடுகல்லில் உயிரோடிருப்பவர்கள் இறந்தவருக்கு மரியாதை செய்கிறார்கள்.

எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து இக்கல், இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து, தலைவன் அருகே காத்து நின்றது என்று அதன் செயலையும், கோவிவன் என்று அதன் பெயரையும் கல்வெட்டு பொறித்திருக்கிறது. மாளிகைச் சுவரிலுள்ள புலியின் கீழே இருப்பது சுட்டவரின் பெயரும் தேதியும் அங்குலக் கணக்கும். தோலை உரித்தவர், காட்டைக் கலைத்தவர், வழிகாட்டியவர் எவருக்கும் அங்கே பெயரில்லை.

நடுகல் மரபையும் குறையற்றது என்று கொண்டாடிவிட வேண்டியதில்லை. புலியை எதிரியாக மட்டுமே அது கண்டது. ஆனாலும் நேர்ந்த சாவை நேர்ந்தபடி சொல்லும் ஒழுங்கு அதில் உண்டு.

எதிர்வாதங்கள்

தத்ரூபமான பொறிக்காட்சிகளுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உள்ளது. பொறியின் கொடுமையைக் கண்ணால் பார்த்தால்தான் மக்களுக்கு உறைக்கும். அதை மறைப்பது வேட்டையாடுபவருக்கே உதவும் என்பது அந்த வாதம். இதைப் புறந்தள்ள முடியாது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் வெடிவைத்த காயைக் கடித்து ஒரு கருவுற்ற யானை இறந்ததும், 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததும் படங்களாக வந்தபோதுதான் நாடு அதிர்ந்தது.

ஆனால் அந்தப் படங்கள் சாட்சியங்கள். நடந்ததை, நடந்த இடத்தில் காட்டியவை. வேறொரு விதத்தில் கொன்ற விலங்கைப் பொறியில் மாட்டி, செயற்கை இரத்தம் பூசி, வலியால் துடிப்பதுபோல் நிறுத்துவது நடிப்பு. அதிலும் நடிக்க ஒப்புக்கொள்ளாத உடலைக் கொண்டு நடத்தும் நடிப்பு. பொறியின் கொடுமையை உணர்த்த வேண்டுமானால் பறிமுதல் செய்த ஒரு சுருக்குக்கம்பியையும் அது எந்தக் காட்டில் கிடைத்தது என்ற குறிப்பையும் வைத்தாலே போதும். உருவம் தேவையானால் கண்ணாடியிழைப் பொம்மை உண்டு.

‘எல்லாப் பாடங்களையும் எரித்துவிடலாமே’ என்பது மறுமுனை வாதம். அதுவும் சரியன்று. ஏற்கெனவே இறந்த விலங்கை அழிப்பதால் யாருக்கும் நீதி கிடைக்காது, சான்று அழியும். இன்று இக்கலைக்கு நேர்மையான வழியும் இருக்கிறது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009 முதல் இயங்கும் மையத்தில், இயற்கையாகவோ நோயாலோ இறந்த விலங்குகள் கல்விக்காகப் பாடம் செய்யப்படுகின்றன. கொல்லாமலே இக்கலை வாழ முடியும் என்பதற்கு இது சான்று.

பார்வையாளர் கேட்க வேண்டியவை

ஒரு வேட்டைக் காட்சியின் முன் நிற்கும் மாணவர் நான்கு கேள்விகளை மனத்தில் கொள்ளலாம். இந்த விலங்கு எப்படி இறந்தது என்று பலகை சொல்கிறதா? காட்சியில் தெரியும் சாவும் அதற்கு உண்மையில் நேர்ந்த சாவும் ஒன்றா? கொன்றவர் காட்சியில் இருக்கிறாரா, ஒளிந்திருக்கிறாரா? இதனால் பெருமை யாருக்குச் சேர்கிறது?

இவற்றுள் இரண்டாவது கேள்வியே உரைகல். அதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், எத்தனை நுட்பமாகச் செய்திருந்தாலும் அக்காட்சி பொய். ‘ஆம்’ என்று வந்தாலும் நான்காவது கேள்வி மிச்சமிருக்கும். கொன்றவர் தம் கொலையை அலங்கரிப்பதற்கும், கொலைக்குச் சாட்சி சொல்லும் பொறுப்புடையோர் அதனைக் காட்டுவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

முடிவுரை

மைசூரிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை ஜோலார்பேட்டை வழியே செல்கிறது. பெங்களூரு இருப்புப்பாதை இங்கிருந்து பிரிந்தது 1864இல். வான் இங்கன் பெட்டிகள் கடல்கடந்து போன காலத்தில் உறுமும் புலிகள் பல இந்தச் சந்திப்பைக் கடந்திருக்கக்கூடும். அதே நடைமேடைகளில் உப்பிட்ட ஆட்டுத்தோல் கட்டுகளும் ஏறி இறங்கின. இரண்டுமே தோல்தான். ஒன்று தன் தழும்புகளை விலைக்குறைவாக ஏற்றுக்கொண்டு செருப்பானது. மற்றது தழும்பை மறைத்து வீரக்கதையானது.

தமிழில் பாடம் என்ற சொல்லுக்குப் பக்குவம் என்றும் பொருள், கற்பிப்பது என்றும் பொருள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விலங்கு இரண்டாம் பொருளிலும் பாடமாக வேண்டுமானால், அதைக் கொன்ற கை எது என்பதை அதன் கீழுள்ள பலகை முதலில் சொல்ல வேண்டும்.